வைக்காத தயிர்சாதம்

சிதம்பரம்
திங்கட்கிழமை, மாலை

அன்புள்ள பொன்னிக்கு,

கண்ணாயிரம் எழுதிக்கொள்வது. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே, ஒரு எழுத்து கீழே என்று, காலேஜ் பசங்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று நம் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஓடும் சைக்கிள்கள் மாதிரி நிற்கின்றன. தாளில் அங்கங்கே ஓட்டை இருந்தால் அது பூச்சி அரித்ததல்ல, நான் பேனாவை அழுத்தியது. முதியோர் வகுப்பில் ஸ்ரீமதி டீச்சர் தினமும் சொல்கிறார், "பேனாவக் கழுத்த நெரிக்காதீங்க ஐயா, அது எங்கயும் ஓடிடாது" என்று. எனக்கென்னவோ ஓடிவிடும் போலத்தான் இருக்கிறது.

ஆனால் இது முழுக்க நானே எழுதுவது. யாரையும் கேட்கவில்லை. டீச்சரிடமும் காட்டப்போவதில்லை. 'அன்புள்ள பொன்னிக்கு' என்று பழைய நோட்டில் நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது முறை இந்தத் தாளில் எழுதினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்படியே இருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். காலடியில் படுத்திருந்த டோக்கன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

நீ கடலூருக்கு பஸ் ஏறி இன்றோடு அறுபது நாள். நான் எப்போது போன் செய்தாலும் கனிமொழிதான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். காலையிலும் குளிக்கிறாய், மத்தியானமும் குளிக்கிறாய், விளக்கு வைத்த பிறகும் குளிக்கிறாய். கடலூரில் தண்ணீர் அவ்வளவு நிறையவா வருகிறது? மகளைக் குறை சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னதைச் சொல்கிறாள்.

போன வாரம் அவள் வேறொன்றும் சொன்னாள். "நாய யாருகிட்டயாவது குடுத்துட்டு நீங்களும் இங்க வந்துருங்கப்பா. மாடியில நாய் வெக்கக் கூடாதுன்னு ஊட்டு ஓனரு சொல்லிட்டாரு. முடியாதுன்னா அம்மா இங்கயே இருக்கட்டும். பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள். நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் நான் என்ன சொல்ல?

ஒரு பக்கம் முடிந்துவிட்டது. கை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, மாலை

உனக்குத் தெரிந்த சங்கதிகளையே எழுதுகிறேன் என்று நினைக்காதே. டோக்கனைப் பார்க்கும் டாக்டரம்மா வினோதினி, "மொதல்லேர்ந்து எழுதிப் பாத்தாத்தான் எங்க தப்புன்னு தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

டோக்கனுக்குப் போன வருடம் மழையில் ஆரம்பித்தது. முன்னங்கால் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும். பிறகு காதை உதறியது. வயிற்றைச் சுவரில் தேய்த்தது. கண்ணைச் சுற்றி ரோமம் உதிர்ந்து கண்ணாடி போட்ட மாதிரி ஆனது. பனி போனது, வெயில் வந்தது, அரிப்பு மட்டும் போகவில்லை. மருந்துக் கடையில் சொறிக்கென்று ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஞானசேகரன், "மாமா, இது ஒட்டுற சொறி. ஊட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குது. மங்கலம்பேட்டைப் பக்கம் எங்கயாவது கொண்டுபோயி உட்டுட்டு வந்துருங்க" என்றான். உனக்கு வந்த கோபத்தில் அவன் வீட்டுக்கு ஒரு வாரம் கறிவேப்பிலை கூடக் கொடுக்கவில்லை.

நீதான் டாக்டரம்மாவிடம் கொண்டுபோகலாம் என்றாய். அவர் தோலைச் சுரண்டி எடுத்து வைத்துப் பார்த்தார். சொறிப் பூச்சி இல்லை, தெள்ளுப்பூச்சியும் இல்லை என்றார். "வருசம் பூரா அரிக்குதா, ஏதாவது ஒரு சீசன்ல மட்டுமா?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ, "வருசம் பூராவும்தாம்மா. காத மோந்தா புளிச்ச மாவு வாசன வருது. வெளிக்கும் ஒரு நாளைக்கு நாலு தடவ போவுது" என்றாய். டாக்டரம்மா சிரித்து, "அம்மா நல்லாக் கவனிச்சிருக்காங்க" என்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இப்போது எழுதும்போதுதான் அது பொறாமை என்று தெரிகிறது.

சாப்பாட்டில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எட்டு வருடமாக அதே கோழி, அதே முட்டை, அதே பால், தயிர், டீக்கடை பிஸ்கட். புதிதாக எதுவும் கொடுக்கவில்லையே என்றேன். "புதுசுல வர்றது கம்மிங்க ஐயா. வருசக்கணக்கா சாப்பிட்டதுதான் ஒருநாள் ஒத்துக்காமப் போவும்" என்றார். ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்டேன். அதை நம்ப முடியாது, சாப்பிடவைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். இதுவரை இந்த நாய் தின்னாதது எது என்று கேட்டு, ஆட்டுக்கறியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் என்று முடிவானது. உப்பு, எண்ணெய், வெங்காயம் இல்லாமல் வேகவைத்து எட்டு வாரம். வேறு ஒரு பருக்கை கூட வாயில் படக் கூடாது. மாத்திரையைக்கூட வேறு எதிலும் மடித்துக் கொடுக்கக் கூடாது.

"என்ன சாப்புட்டுச்சு, எவ்ளோ சொறிஞ்சுதுன்னு தெனமும் எழுதணும். ஊட்ல யாரு எழுதுவீங்க?" என்று கேட்டார். நீ வாயைத் திறக்கும் முன் நான் "நான்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சந்தோஷப்பட்டாய்.

அந்த அட்டையும் ஞாபகம் இருக்கிறதா? 'எனக்கு எதுவும் கொடுக்காதீர்கள்' என்று எழுதி டோக்கன் கழுத்தில் மாட்டினேனே. ஞானசேகரன் குனிந்து படித்துவிட்டு, "நாயே எழுதுன மாதிரி இருக்கு மாமா" என்றான். கறி வாங்கி வந்ததைப் பார்த்து, "எனக்கும் ஒரு சங்கிலி வாங்கிப் போடுங்க மாமா, நானும் கறி தின்னுக்கிட்டு இங்கயே கெடக்குறேன்" என்றான். நீ புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாய்.

புதன்கிழமை

மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். அடுத்து எழுத வேண்டியது அந்த நாளைப் பற்றி. வாசலுக்குப் போனேன், வந்தேன். காய்ந்த துணியை மடித்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். காலையில் டோக்கனை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சொன்னதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இதை எழுதினால்தான் அதை எழுத முடியும்.

இன்று முடியவில்லை.

வியாழக்கிழமை, காலை

காலையிலேயே எழுதிவிடுகிறேன்.

முதல் பன்னிரண்டு நாளில் டோக்கன் நன்றாகத் தேறியது. நோட்டில் 'அரிப்பு குறைவு, அரிப்பு குறைவு' என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். பத்தொன்பதாம் நாள் காலையில் பார்த்தால் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்கிறது. பாதம் நக்கி நக்கிச் சிவந்து கிடக்கிறது. அதன் வாயை மோந்து பார்த்தேன். தயிர் வாசனை.

முதல் நாள் தேய்பிறை அஷ்டமி. மாதாமாதம் நீ பைரவருக்கு வேண்டிக்கொண்டு தயிர்சாதம் பிசைந்து நாய்களுக்கு வைப்பது எனக்குத் தெரியும். அன்றும் தூக்குவாளியோடு போனாய். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

நீ சொன்னாய், "தெரு முனையில இருக்குற நாய்ங்களுக்குத்தாங்க வெச்சேன். டோக்கன உள்ள கட்டிப் போட்டுட்டுத்தான் போனேன்" என்று. நான் காது கொடுக்கவில்லை. வாசலில் நின்று, "சாமி பேரச் சொல்லி வாயில்லாத ஜீவனக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தினேன். ஞானசேகரன் வீட்டில் எல்லாரும் வெளியே வந்தார்கள். கீரைக்காரம்மா கூடையை இறக்காமலே நின்றாள்.

அதோடு விட்டிருந்தாலும் நீ போயிருக்க மாட்டாய். நாற்பத்தோரு வருடத்தில் நான் கத்தாத கத்தலா? நான் உள்ளே போய் நோட்டை எடுத்து, 'பொன்னி தயிர்சாதம் வைத்தாள்' என்று எழுதினேன். எழுதிக் கொண்டுவந்து உன் முகத்துக்கு நேரே நீட்டி, "பாரு, எழுதியாச்சு" என்றேன்.

நீ வாங்கிப் படித்தாய். அவ்வளவு நேரம் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்தவள், படித்த பிறகு குரலை இறக்கிவிட்டாய். "ரேசன் கார்டுலேர்ந்து ஆஸ்பத்திரி சீட்டு வரைக்கும் நான் படிச்சிச் சொன்னதத்தானே நம்புனீங்க. இன்னைக்கு என் வாயி பொய்யாப் போச்சா?" என்றாய். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

பொன்னி, நான் என் கண்ணால் பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதினேன். உன் பெயரை என் கையால் முதன்முதலாக எழுதியது அந்த வரியில்தான். வகுப்பில் என் பெயரை எழுதியிருக்கிறேன், ஊர்ப் பெயரை எழுதியிருக்கிறேன், மகள் பெயரை எழுதியிருக்கிறேன். உன் பெயரை நன்றாக எழுத வரட்டும் என்று தள்ளிப் போட்டு வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய் அங்கே எழுதினேன்.

நீ போன பிறகு வீட்டில் தயிர்சாதமே இல்லை. டோக்கனுக்கு அரிப்பு குறையவில்லை, கூடியது. ஆறாம் நாள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், என் எழுத்தை ஒரு டாக்டர் படிக்கிறாரே என்று. படித்துவிட்டு, "இதுல எல்லாம் சரியா இருக்கே. தோலுக்கு ஏதாவது தடவுறீங்களா ஐயா?" என்றார்.

நான் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னேன், "ஆமாம்மா. முடி சீக்கிரம் மொளைக்கட்டும்னு தயிர்ல மஞ்சளக் கொழச்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுறேன். பன்னெண்டாம் நாள்லேர்ந்து" என்று.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது காயறதுக்குள்ள நாக்கால எடுத்துடுமே ஐயா. நீங்க தட்டுல வெக்கல, முதுகுல வெச்சிருக்கீங்க" என்றார்.

தோலுக்குத்தானே பூசினேன், சாப்பாட்டிலா வைத்தேன் என்று நான் அங்கேயே வாதாடினேன். பாதி வாதத்தில் எனக்கே புரிந்துவிட்டது. நீ உறை ஊற்றி வைத்த பாத்திரத்திலிருந்துதான் அந்தத் தயிரை எடுத்தேன், நீ போன பிறகு கடையில் வாங்கினேன். நீ பூ வாங்கப் போகும் நேரமாகப் பார்த்து, கொல்லையில் வைத்துப் பூசுவேன். நீ வந்து பார்க்கும்போது மஞ்சள் மட்டும்தான் தெரியும். அதை நான் நோட்டிலும் எழுதவில்லை. சாப்பாடு என்று நினைக்காததால் எழுதவில்லை. அன்று காலை டோக்கன் வாயில் அடித்தது என் தயிர்.

அந்த வரியை நான் அடிக்கவில்லை. அடித்தால் மறைத்த மாதிரி ஆகும். அதற்குக் கீழே 'மேலே உள்ளது பொய். நான்தான் தயிர் பூசினேன். கண்ணாயிரம்' என்று எழுதியிருக்கிறேன். டாக்டரம்மா படித்தார். மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

இதை உடனே போனில் சொல்லியிருக்கலாம் என்று கேட்பாய். சொல்லத்தான் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. மகளிடம் சொன்னால் அது மகளுக்குச் சொன்னதாகத்தான் ஆகும். எழுதலாம் என்றால் அப்போது எனக்கு மூன்று வரி சேர்ந்தாற்போல எழுத வராது. இரண்டு மாதம் இதற்காகவே வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் கடலூர் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. பலகையில் 'கடலூர்' என்று நானே படித்து ஏறினேன். வழியில் ஆலப்பாக்கத்தையும் படித்தேன். முதுநகரில் இறங்கி உங்கள் தெருவுக்கு வந்தேன். நீ மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டு, பக்கத்து மாடிப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நான் மருந்துக் கடை ஓரமாக நின்று பார்த்தேன். மேலே வந்தால் என் வாய் எதையாவது தொடங்கி வேறெதிலோ முடித்துவிடும். நீ சிரிப்பதை நிறுத்திவிடுவாய். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, மாலை

டாக்டரம்மா சொன்னதை இப்போது எழுதுகிறேன். புதன்கிழமையோடு ஐம்பத்தாறு நாள் முடிந்தது. டோக்கனுக்குக் கண்ணைச் சுற்றி முழுக்க ரோமம் முளைத்துவிட்டது. காதை நான் தினமும் மோந்து பார்க்கிறேன், புளிச்ச மாவு வாசனை இல்லை. பாதம் வெள்ளையாக இருக்கிறது. ஞானசேகரனே நேற்று, "மாமா, இது அதே நாய்தானா, மாத்திட்டீங்களா?" என்றான். அவன் பிள்ளைகள் மறுபடி தொட்டு விளையாடுகிறார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லையாம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்ய, விட்டதை ஒவ்வொன்றாக மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். "மொதல்ல தயிர். தெனமும் ரெண்டு ஸ்பூன். ரெண்டு வாரம் வரைக்கும் பாருங்க. அரிச்சா அன்னைக்கே நிறுத்திட்டுப் பழைய சாப்பாட்டுக்கே போயிடுங்க. அது அடங்குன பிறகு கோழி, அப்புறம் முட்டை" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கச் சொன்னார். ஒரு வாரம் தள்ளிப் போகலாமா என்று கேட்டேன். போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

ஏன் கேட்டேன் என்றால், என்னால் வைக்க முடியாது. நேற்று வெறும் ஸ்பூனை எடுத்துப் பார்த்தேன், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அரித்து அரித்து அது ஊர்ந்ததைப் பார்த்துவிட்டு, தெரிந்தே எப்படி வைப்பது?

நீ வந்து உன் கையால் வை. உள்ளே வேண்டாம், வாசலில் வை. நான் அன்றைக்கு நின்று கத்திய அதே இடத்தில் நின்றுகொள்கிறேன். ஞானசேகரன் வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, கீரைக்காரம்மா வரும் நேரமாகப் பார்த்து, பொய் சொன்னது நான்தான், பொன்னி சொன்னது உண்மை என்று சொல்கிறேன். அன்றைக்கு என்ன சத்தத்தில் கத்தினேனோ அதே சத்தத்தில் சொல்கிறேன்.

தயிர் வைத்த பிறகு அரிக்கலாம், அரிக்காமலும் போகலாம். டாக்டரம்மாவே இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒருவேளை கோழியாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது டோக்கனைப் பற்றிய சங்கதி. நீ அன்றைக்குச் சொன்னது உண்மை என்பதற்கு எனக்கு எந்தச் சோதனையும் வேண்டாம். இதை நான் டாக்டரம்மாவிடம் போவதற்கு முன்பே, உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மகள் சொன்னதுக்கும் நீயே யோசித்துச் சொல். அங்கேதான் இருக்கப் போகிறேன் என்று நீ சொன்னால் உன்னை வற்புறுத்த மாட்டேன். டோக்கனை மட்டும் யாரிடமும் கொடுக்கச் சொல்லாதே. அதன் தட்டில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

கால் வீக்கத்துக்கு மாத்திரையை விடாமல் சாப்பிடு. மாடிப்படியில் பார்த்து இறங்கு. அங்கே உப்புக் காற்றில் உனக்கு மூச்சு இழுக்கும், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள். கனிமொழியையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். பைரவர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். போன அஷ்டமிக்கும் அதற்கு முந்தியதற்கும் நீ வைக்கும் அதே தெரு முனையில், நான்தான் தயிர்சாதம் கொண்டுபோய் வைத்தேன். டோக்கனை உள்ளே கட்டிப் போட்டுவிட்டுத்தான் போனேன்.

இந்த ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு காலையில் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். கடலூரிலிருந்து வரும் வண்டியை நான் யாரையும் கேட்காமல் கண்டுபிடித்துவிடுவேன். மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன்.

அடுத்த வாரமும் உனக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியாது, ஆனால் எழுதுவேன். அதைத் தபாலில் போட வேண்டிய அவசியம் இல்லாமல் நீ இங்கே இருந்தால், நீ உட்கார்ந்து கேள், நான் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன்
கண்ணாயிரம்